பட்டாளத்துத் தாத்தாவின் வெண்கல வில்லை

அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த வட்டமான வில்லை ஒன்று. ஒவ்வொரு போகியன்றும் அத்தை அதை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, குங்குமம் வைத்துக் கும்பிடுவார். ஒரு பக்கம் குதிரைமேல் ஓர் ஆள். மறுபக்கம் தாடி வைத்த ஒரு தலை. "குதிரை மேல இருக்கறது முனீஸ்வரன். இந்தாண்ட இருக்கறது நம்ம பட்டாளத்துத் தாத்தா" என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நாங்களும் விழுந்து கும்பிட்டோம்.

படித்து வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தாடிக்காரர் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் என்று. குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ். குதிரையின் காலடியில் கழுகுச் சின்னம் பொறித்த கேடயம், பக்கத்தில் மண்டையோடு, ஓரங்களில் 1914, 1918 என்ற ஆண்டுகள். முதல் உலகப்போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு கொடுத்த போர்ப் பதக்கம் அது. அத்தையிடம் சொன்னோம். "இருக்கட்டுமே, நூறு வருசமா குங்குமம் வாங்கிக்கினாரு, இனிமே எறக்கி வுட முடியுமா?" என்றார்.

இந்தக் கட்டுரையில் தாத்தாவின் பெயரும் எங்கள் ஊரின் பெயரும் இருக்காது. அவர் பெயரில் இருந்த ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம் குறித்த மனு வருவாய்த் துறையில் விசாரணையில் இருக்கிறது. பாலாற்றங்கரையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட ஒரு சேரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உறவு முறையில் அவர் எங்களுக்குக் கொள்ளுத்தாத்தா. அத்தைக்கு அப்பாவின் அப்பா. ஊரில் எல்லோருக்கும் பட்டாளத்தார்.

பெயரை நாங்களே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் பாட்டி அவருக்கு மருமகள். மாமனார் பெயரைச் சாகும்வரை வாயால் சொல்லவில்லை. கேட்டால் ஒரு சாமி பெயரைச் சொல்லி "அந்த மாதிரி" என்பார். எங்கள் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை முன்னெழுத்துதான் கையில் இருந்த தடயம்.

வீட்டில் சொல்லப்பட்ட கதை இதுதான். தாத்தா பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போனார். துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டார். திரும்பி வந்ததும் வெள்ளைக்காரத் துரை அவர் வீரத்தை மெச்சி நிலம் கொடுத்தான். பூட்ஸ் காலோடு ஊர்த் தெருவில் நடந்து போனதற்காகப் பஞ்சாயத்தில் அபராதம் போட்டார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு, அதே பூட்ஸோடு அதே தெருவில் திரும்பி வந்தார். இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அத்தையின் குரல் உயர்ந்துவிடும்.

புளியில் கரைந்த எழுத்து

ஆங்கிலேய அரசு கொடுத்த போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வாங்கியவரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பதக்கத்தின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தேடுகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த விளிம்பை. இது தெரிந்த அன்று பெட்டியை இறக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். எண்ணில் மூன்று இலக்கம் தெரிந்தது. பெயரின் கடைசி நான்கு எழுத்து தெரிந்தது. அதற்குப் பின் வழவழவென்றிருந்தது. இறுதியில் 'கோர்' என்று படிக்கக்கூடிய ஒரு தேய்ந்த சொல். மற்றதெல்லாம் நூறு போகிப் பண்டிகையின் புளியில் போய்விட்டது. அத்தை ஒன்றும் பேசவில்லை. வில்லையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

விளிம்பை விடப் பெரிய சேதியை வில்லையின் உலோகமே வைத்திருந்தது. இந்தப் பதக்கம் சிப்பாய்களுக்கு வெள்ளியில் தரப்பட்டது. எங்களிடம் இருப்பது வெண்கலம். "வெள்ளி வில்லைய பஞ்சத்துல வித்துட்டாங்க, இது ரெண்டாவது" என்பது வீட்டுக் கதை. உண்மை வேறு. சீனா, மால்டா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து போருக்குக் கொண்டுபோகப்பட்ட கூலிப் படைகளுக்கு, அதாவது லேபர் கோர், போர்ட்டர் கோர் என்று பெயரிட்ட பிரிவுகளுக்கு, இதே பதக்கத்தை வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். மன்னர் தலை அதே, குதிரை அதே. உலோகம் மட்டும் வேறு. அரசாங்கம் ஒரே போரில் இரண்டு தட்டு வைத்துப் பரிமாறியிருக்கிறது. சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, தாத்தா துப்பாக்கி தூக்கியவராக இருக்க வாய்ப்பில்லை. மண்வெட்டியோ மூட்டையோ தூக்கியவர்.

இதைச் சொன்னதும் வீட்டில் சண்டை வந்தது. வேலூரில் கல்லூரியில் படிக்கும் அத்தையின் பேரன் அந்தப் பொங்கலுக்குத்தான் ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தான். தாத்தாவுக்குப் புகைப்படம் கிடையாது. இணையத்தில் கிடைத்த யாரோ ஒரு மெட்ராஸ் சிப்பாயின் படத்தைப் போட்டு, கையில் துப்பாக்கியும் கொடுத்து, 'மாவீரர்' என்று எழுதியிருந்தான். "கூலியா போனாருன்னு சொல்ல வர்றீங்களா? ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா?" என்று கேட்டான். பதில் சொன்னவர் எங்கள் சித்தப்பா மகன். அவர் பெங்களூரு மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் 17 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். "நாங்களும் பாலம் கட்டி ரோடு போட்டவங்கதான்டா. மண்ணு வெட்றவன் இல்லாம எந்தப் பட்டாளமும் ஒரு மைல் நகராது" என்றார்.

அவர் இருந்த அந்தப் படை சாதாரணமானதல்ல. 1780இல் சென்னைக் கோட்டையில் இரண்டு பயனீர் கம்பெனிகளாகத் தொடங்கியது. பறையர்கள் பெருவாரியாகச் சேர்ந்திருந்த படை. கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற மகர் சிப்பாய்களைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். அன்றைக்கு அங்கே பீரங்கியோடு நின்றது மெட்ராஸ் ஆர்ட்டிலரியின் சிறு அணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குணம் உள்ள சாதி, இல்லாத சாதி' என்று ஆங்கிலேயத் தளபதிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். தளபதி ராபர்ட்ஸ் அதில் முன்னணியில் இருந்தவர். மகர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. மெட்ராஸ் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. சுபேதார் ராம்ஜியின் மகனாக 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த அம்பேத்கரின் குடும்பம், பட்டாளம் கொடுத்த படிப்பால் நிமிர்ந்த குடும்பம். அந்த வாசலைத்தான் மூடினார்கள்.

1914இல் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது. மூடிய வாசல் திறந்தது. பலருக்குத் திறந்தது பின்வாசல்.

பாலாறு மாதிரி மணல் இல்லை, தண்ணீர்

ஆங்கிலேயரின் இந்தியப் படை 1914 நவம்பரில் பஸ்ராவைப் பிடித்தது. அங்கிருந்து ஆற்றோடு மேலே ஏறிய படை கூத் என்னும் ஊரில் முற்றுகையில் சிக்கி, 1916 ஏப்ரல் 29 அன்று பட்டினியோடு சரணடைந்தது. சோறும் மருந்தும் கொண்டுபோக வழியில்லாததுதான் பெரிய காரணம். துறைமுகம் இல்லை, ரயில் இல்லை, ரோடு இல்லை. அதற்குப் பிறகுதான் துறைமேடை கட்டவும், கரை போடவும், இந்தியாவிலிருந்து கொண்டுபோன தண்டவாளத்தை அங்கே பதிக்கவும் ஆள் ஆளாகக் கப்பலேற்றினார்கள். 1917 மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு அடியில் கூடை கூடையாக மண் இருக்கிறது.

அந்தப் போரில் இந்தியப் படையோடு ஆயுதம் தூக்காமல் வேலை செய்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா 2020இல் வெளிவந்த 'தி கூலிஸ் கிரேட் வார்' நூலில் எழுதுகிறார். மூட்டை தூக்குகிறவர், கோவேறு கழுதை ஓட்டுகிறவர், தண்ணீர் சுமப்பவர், சமைப்பவர், துப்புரவு செய்பவர், செருப்புத் தைப்பவர். இவர்களுக்கு ராணுவத்தின் பெயர் 'ஃபாலோயர்', பின்தொடர்பவர். தமிழில் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் பணம். ஆங்கிலத்துக்குப் போனபோது அது ஆளின் பெயராகிவிட்டது. தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இந்த ஒரு சொல்லின் பயணம் எங்களைப் பல நாள் தொந்தரவு செய்தது.

தாத்தா சொன்னதாக அத்தைக்கு நினைவிருப்பவை கொஞ்சம்தான். அவர் இறந்தபோது அத்தைக்கு ஏழெட்டு வயது. "கண்ணுக்கெட்டின தூரம் ஈச்ச மரமாம். ஆறு நம்ம பாலாறு மாதிரி மணல் இல்லியாம், ரெண்டு கரையும் தண்ணியாம். வெயில்ல வாளி தண்ணி கொதிக்குமாம்." துப்பாக்கி, எதிரி, வெற்றி எதுவுமே அந்த நினைவில் இல்லை. கவனித்துக் கேட்டிருந்தால் பதக்கத்தின் உலோகத்தைப் பார்க்காமலே எங்களுக்குப் புரிந்திருக்கும். அவர் சொன்னது மரமும் தண்ணீரும் வெயிலும். துப்பாக்கியைச் சேர்த்தது நாங்கள்.

பெட்டியில் ஒரு காகிதமும் இருந்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அச்சடித்த ஆங்கிலப் படிவம். 'பஸ்ரா' என்ற சொல்லும் 1919 என்ற ஆண்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது என்று ஓராண்டு திரிந்தோம். பிடி கிடைத்தது நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில்.

எங்கள் சேரியில் பாதிக் குடும்பங்கள் ஆற்காடு மிஷன் காலத்தில் கிறிஸ்தவத்துக்குப் போனவை. அமெரிக்கப் போதகர்கள் 1853இல் தொடங்கிய மிஷன் அது. தாத்தா சேரவில்லை, ஆனால் சொந்தபந்தம் சேர்ந்திருந்தது. பழைய தேவாலயப் பதிவேட்டைப் பார்க்க இப்போதைய போதகரிடம் அனுமதி கேட்டபோது, அவர் மறுக்காமல் அலமாரியைத் திறந்துவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து படித்தோம். 1918 அக்டோபர் பக்கங்கள் மட்டும் மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு தடித்திருந்தன. இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் மெட்ராஸ் மாகாணத்தைச் சூறையாடிய மாதம். அதில் ஒரே நாளில் இரண்டு அடக்கம்: ஒரு பெண், 20 வயது, ஆண் குழந்தை, இரண்டு வயது. எதிரில் கணவன் பெயர், எங்களிடம் இருந்த முன்னெழுத்தில் தொடங்கி, வில்லையில் மிஞ்சிய நான்கு எழுத்தில் முடிந்தது. பக்கத்தில் போதகரின் கையெழுத்தில் இரண்டு சொல்: 'பஸ்ராவில் இருக்கிறான்.'

தாத்தாவை ஒரு காலத்தில், ஓர் இடத்தில் நிறுத்தும் ஒரே எழுத்து அதுதான்.

வீட்டில் இந்தச் செய்தி யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லோரும் அவருடைய இரண்டாவது மனைவியின் வழி வந்தவர்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது. அத்தை பதிவேட்டின் நகலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஐப்பசி மாசத்துல ஒரு நாள் தாத்தா சாப்பிட மாட்டாரு. விரதம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பஸ்ராவிலேயே செத்தவர்களின் கதை இன்னும் மோசம். அங்குள்ள நினைவுச் சின்னம் கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிக்குப் பெயர் வெட்டினார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் போதும் என்று விட்டார்கள். எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்று சொல்லி 1917இல் உருவான போர்க் கல்லறை ஆணையம் செய்த வேலை இது. ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், கூடினால் 3,50,000 பேர் வரை பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்தான் அதில் பெரும்பகுதி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊர்களில் பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு வெள்ளைக்கல் பலகை பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கள்வரோடு போராடிய வீரனுக்கு எடுத்தது. அவனோடு நின்ற நாய்க்கும் அதில் உருவம் உண்டு, கோவிவன் என்று பெயரும் உண்டு. 1,400 ஆண்டுக்கு முன் நாய்க்குப் பெயர் வெட்டிய மண்ணில்தான் இந்த வெள்ளைக்கல் பலகைகள் நிற்கின்றன.

இரண்டு எழுத்து

இப்போது நிலத்துக்கு வருவோம். தேடலைத் தொடங்கியதே நிலத்துக்காகத்தான் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

தாத்தாவின் நிலத்தை அவர் இறந்த சில ஆண்டுகளில் எங்கள் பாட்டனார் ஊர்க்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாணக் கடன். 1980களில் யூடிஆர் கணக்கெடுப்பு வந்தபோது பட்டா அந்தக் குடும்பத்தின் பெயரில் ஏறியது. நில மீட்பு இயக்கத்தில் பல ஆண்டுகள் பிறர் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுத்த நாங்கள், சொந்த வீட்டு நிலத்தைப் பற்றி மட்டும் விசாரிக்காமல் இருந்தோம். காரணம் அந்தக் கதைதான். துரை வீரத்துக்குக் கொடுத்த நிலம். அது வேறு கணக்கு என்று விட்டுவிட்டோம்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதன் பேரில் 1892இல் வந்த அரசாணையும், பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மாகாணம் முழுவதும் வழங்கப்பட்ட 12 லட்சம் ஏக்கரும் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பாடம். பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. இந்த நிபந்தனைக்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். ஆனால் நிலம் பட்டாள சேவைக்காகக் கிடைத்தது என்றால் இந்த நிபந்தனையைக் காட்டிக் கேட்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய அ-பதிவேட்டின் நகல் கேட்டோம். 'ஆவணம் இல்லை' என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்த பிறகு ஆவணம் இருந்தது. எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே குறிப்புக் கலத்தில் இரண்டே எழுத்து: டி.சி. டிப்ரஸ்ட் கிளாஸ். தாத்தா பஸ்ராவிலிருந்து திரும்பிப் பத்தாண்டு ஆன பிறகு, நிலமற்ற ஆதிதிராவிடர் என்ற முறையில் கிடைத்த நிபந்தனைப் பட்டா.

அந்தப் பதிவேட்டில் அவர் பெயரும் இருந்தது, ஆனால் குறைந்திருந்தது. கர்ணங்கள் எழுதிய கணக்குகளில் இது வழக்கம். முனுசாமி என்று பெயர் இருந்தால் முனியன் ஆவார். கந்தசாமி கந்தன் ஆவார். ஊர்க்காரரின் பெயர் முழுசாக இருக்கும், சேரிக்காரரின் பெயர் 'ன்' விகுதியில் வெட்டுப்படும். தேவாலயப் பதிவேட்டில் ஒரு பெயர், அ-பதிவேட்டில் ஒரு பெயர், வில்லையில் ஆங்கிலேயன் காதில் விழுந்த மாதிரி ஒரு பெயர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு எங்கள் தலையில்.

அதன் பிறகு சார் பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரத்தின் நகல் எடுத்தோம். அதைப் படித்தபோதுதான் உடம்பு சில்லிட்டது. "என் தகப்பனார் செய்த பட்டாள சேவைக்காகச் சர்க்காரால் கொடுக்கப்பட்டு" என்று சொத்து விவரத்தில் எழுதியிருந்தது. கீழே எங்கள் பாட்டனாரின் கைநாட்டு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரம் எழுதியவர் வாங்குகிறவர் வைத்த ஆள். டி.சி. என்ற இரண்டு எழுத்தை மறைக்க, எங்கள் வீட்டுப் பெருமையையே எடுத்துப் போர்த்தியிருந்தார்கள். துரை கொடுத்த நிலம் என்ற கதை வீட்டிலிருந்து பத்திரத்துக்குப் போனதா, பத்திரத்திலிருந்து வீட்டுக்கு வந்ததா என்று அத்தையைக் கேட்டோம். "அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கேன். தாத்தா சொல்லிக் கேட்டதில்ல" என்றார்.

இந்த அனுபவத்திலிருந்து, இதே மாதிரி பெட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. பதக்கம் இருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். விளிம்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் அந்த ஆணையின் எண்ணோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். சாப்பர் படையில் இருந்தவர் என்றால் பெங்களூருவுக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும் அவர்கள் வழியாக எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் இப்போதிருக்கும் வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டது 1941இல். பழைய மெட்ராஸ் காலாட்படையை 1928க்குள்ளும் பயனீர்களை 1933இலும் கலைத்துவிட்டார்கள். ஆகவே 'மெட்ராஸ் படை' என்று வீட்டில் சொன்னால் எந்தக் காலம் என்று முதலில் கேளுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம், ஆனால் அதில் இருப்பது இறந்தவர்கள் மட்டும். உயிரோடு திரும்பியவரை அங்கே தேடி ஆறு மாதம் வீணாக்கினோம். பெயரின் எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். தேவாலயம், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, கிரயப் பத்திரம், பழைய வாக்காளர் பட்டியல் எல்லாம் பார்க்கத் தக்கவை. எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் இருக்கும் வயதான பெண்களிடம் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள்.

சென்ற மாதம் கோட்டாட்சியர் முன்னிலையில் விசாரணை. எதிர்த்தரப்பு அந்தப் பத்திர வரியைத்தான் நீட்டியது. அவர்களுக்கு ஊர்ச் சாட்சியும் இருந்தது. பட்டாளத்தாரின் நிலம் என்று ஊரே சொல்கிறதே! போதாக்குறைக்குப் பேரன் அடித்த ஃப்ளெக்ஸின் புகைப்படத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். அவன் எங்கள் பின்னால் தலை குனிந்து நின்றான்.

அதிகாரி அத்தையைக் கேட்டார்: "உங்க தாத்தா மிலிட்டரியில் இருந்தார்தானே? அதுக்குத்தானே நிலம் கொடுத்தாங்க?"

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து வில்லையை மேசைமேல் வைத்தார். "போனாருங்க. பஸ்ராவுக்குப் போயி மண்ணு சொமந்தாரு. அதுக்கு இதத்தான் குடுத்தாங்க. நெலம் அதுக்குக் குடுத்தது இல்ல. சேரிக்காரனுக்கு நெலம் இல்லன்னு குடுத்தது."

"அவர் பெயர் என்ன?"

அத்தை சொன்னார். வெட்டப்படாத முழுப் பெயரை. உதவியாளர் எழுதியதை எட்டிப் பார்க்கச் சொல்லி எங்களைக் கிள்ளினார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

அடுத்த விசாரணை பொங்கலுக்குப் பிறகு. மூன்று பெயரும் ஒருவருடையதே என்பதற்கு இன்னும் ஒரு சாட்சியம் கேட்டிருக்கிறார்கள். தேவாலயப் பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பேரன் ஃப்ளெக்ஸைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டான். இந்தப் போகிக்குப் புளி வேண்டாம், ஈரத் துணி போதும் என்று அத்தையே சொல்லிவிட்டார். குங்குமம் மட்டும் வைப்பாராம்.